ஃபிரேமுக்குள் ஓடும் கேபிளும் பிரேக் ஹோஸும்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்க

கோயம்புத்தூரிலிருந்து மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் போகும் எங்கள் கூட்டம் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் பாதிப் பேரின் வண்டி எப்போதாவது என் வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்து போயிருக்கும். நான் மெக்கானிக் இல்லை, கடை வைத்தவனும் இல்லை. கேபிள்கள் ஃபிரேமுக்கு வெளியே ஓடிய காலத்தில் கியர் வயர் மாற்றுவது கால் மணி நேர வேலை. எல்லாம் உள்ளே போன பிறகு அதே ஏழெட்டுக் கோளாறுகள் ஆள் மாற்றி ஆள் வருகின்றன. நானும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறேன். அவற்றை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. பழைய கேபிளையோ ஹோஸையோ (பிரேக் எண்ணெய் ஓடும் குழாய்) உருவும் முன் அதன் வாலில் எதையாவது கட்டுங்கள். நூல், பழைய கியர் வயர், எதுவானாலும் சரி.

முதல் தடவை நான் கட்டவில்லை. பின் பிரேக் ஹோஸை லீவரில் கழற்றி, பின் சக்கரத்துக்குப் போகும் அடிக்குழாயான செயின் ஸ்டே பக்கமிருந்து பிடித்து ஒரே இழுப்பு. மூன்று நொடியில் கையில் வந்துவிட்டது. அதைத் திரும்ப உள்ளே விட்டு ஹேண்டிலுக்குக் கீழுள்ள ஹெட் டியூப் பக்கத்து ஓட்டையில் தலையைக் காட்ட வைப்பதற்குள் மதியச் சாப்பாடு போய், சாயங்காலக் காபியும் ஆறிப்போனது. பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் பிடித்துப் பிடித்துக் கை வலித்து வீட்டுக்கே போய்விட்டான். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த ஒரு நூலைக் கட்டாததால் பிறந்தவை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆலன் கீ செட், 8 மி.மீ. ஸ்பேனர், கூர்மையான கேபிள் கட்டர், டார்ச், தையல் நூல், மாஸ்கிங் டேப், பழைய ஸ்போக் கம்பி இரண்டு, பலமான சின்னக் காந்தம் ஒன்று. வீட்டில் வாக்குவம் கிளீனர் இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். கேபிள் கட்டருக்குப் பதில் குறடு போதும் என்று நினைக்காதீர்கள். குறடு அவுட்டரை (வயர் ஓடும் வெளி உறை) வெட்டாது, நசுக்கும்.

ஃபிரேமுக்குள் ‘டக் டக்’ என்று அடிக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். கற்பாதையில் இறங்கும்போது, ஹெட் டியூபிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் கேட்கும். ஆனால் அந்தச் சத்தம் கேபிளிலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன் சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போடுங்கள். சத்தம் வருகிறதா? இப்போது இன்னொருவரை ஹெட் டியூப் பக்கம் உள்ளே போகும் எல்லாக் கேபிள்களையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, மறுபடி போடுங்கள்.

*பிடித்தால் சத்தம் நிற்கிறது.* கேபிள்தான். ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பின் பிரேக் ஹோஸாக இருக்கும். உள்ளே ஓடும் பிரேக் ஹோஸ், கியர் கேபிள், சீட் கேபிள் மூன்றில் கனமானது அது.

காசில்லாத வழி முதலில். ஓட்டையில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, ஹோஸை ஒரு விரற்கடை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ பாருங்கள். உள்ளே அது லேசாக வளைந்து குழாயின் சுவரில் சாய்ந்து நின்றால் அடிக்காது, தொங்கினால் அடிக்கும். சில ஃபிரேம்களில் அந்த மூடியிலேயே ஒரு சின்னத் திருகு கேபிளை இறுக்கிப் பிடிக்கும். அது தளர்ந்திருந்து நான் ஒரு மணி நேரம் வீணாகத் தேடிய நாளும் உண்டு.

அதில் நிற்கவில்லையென்றால் ஃபோம் போடவேண்டும். சைக்கிளுக்கென்றே விற்கும் மெல்லிய ஃபோம் உறை உண்டு. கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காதபோது ஏ.சி. உதிரிப்பாகக் கடையில் கால் அங்குலக் காப்பர் பைப்புக்குப் போடும் கறுப்பு ஃபோம் குழாயை ஒரு மீட்டர் வாங்கிக்கொள்வேன். 5 மி.மீ. ஹோஸ் அதற்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஒரே ஒரு சிக்கல், அது தடிமன். கேபிள் ஓட்டை வழியாக நுழையாது. ஃபோர்க்கைக் கழற்றி ஹெட் டியூப் வழியாகவோ, கிராங்கையும் (பெடல் மாட்டும் கை) அதன் அச்சு சுழலும் பேரிங்கான பி.பி.யையும் கழற்றிக் கீழிருந்தோ, டவுன் டியூபில் சாமான் வைக்கும் கதவு இருந்தால் அதன் வழியாகவோதான் நுழைக்க முடியும். கதவு இருப்பவர்கள் பாக்கியசாலிகள். ஃபோமை நீளவாக்கில் பிளந்து, ஹோஸைக் கழற்றாமலேயே அதன்மேல் மாட்டிவிடலாம்.

கேபிள் டையை ஹோஸில் ஒரு சாணுக்கு ஒன்றாகக் கட்டி, வாலை வெட்டாமல் மூன்று திசையில் நீட்டிவிடும் பழைய தந்திரமும் வேலை செய்யும். அந்த வால்கள் மீசைபோல் சுவரில் ஊன்றி ஹோஸை நடுவில் நிறுத்தும். எனக்கு அது பிடிக்காது. அடுத்த தடவை ஹோஸை உருவும்போது மீசை எங்காவது மாட்டிக்கொள்ளும்.

*பிடித்தும் நிற்கவில்லை.* முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹெட்செட்டில் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) ஆட்டம் தெரிந்தால் அதை இறுக்குங்கள். அப்புறம் தண்ணீர் பாட்டில் கூட்டின் திருகுகள், பிரேக் பேட் காலிப்பருக்குள் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) ஆடுகிறதா, கடைசியாக ஃபிரேமுக்குள் ஏதாவது உதிரி கிடக்கிறதா என்று பாருங்கள். வண்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் உருளும் சத்தம் கேட்கும். பழைய வேலையில் தவறி விழுந்த அவுட்டர் மூடி ஒன்று போதும், ஆறு மாதம் தூக்கத்தைக் கெடுக்க.

கேபிள் உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது

முதலில் உங்கள் ஃபிரேம் எந்த வகை என்று பாருங்கள். டார்ச்சை ஓட்டையில் அடித்தால் உள்ளே தனிக் குழாய் தெரிகிறதா? பல கார்பன் ஃபிரேம்களில் ஓட்டைக்கு ஓட்டை ஒரு குழாய் ஒட்டியே வந்திருக்கும். அப்படியென்றால் தள்ளினால் போதும், மறுமுனையில் தானே வரும். வரவில்லையென்றால் வழியில் அடைப்பு.

அடைப்பு என்றதும் ஒரு கதை. இரண்டு மாதம் பால்கனியில் நின்ற வண்டி ஒன்று வந்தது. டிராப்பர் போஸ்ட் (லீவரை அழுத்தினால் ஏறி இறங்கும் சீட் கம்பி) இல்லாத வண்டி, அதற்கான ஓட்டை காலியாகத் திறந்து கிடந்தது. புதிதாக டிராப்பர் மாட்டலாம் என்று அவுட்டரை விட்டால் நாலு அங்குலத்துக்கு மேல் போகவில்லை. வளைவோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கடைசியில் ஸ்போக்கை விட்டுக் குத்தினால் பொலபொலவென்று செம்மண். குளவி கூடு கட்டியிருந்தது. பயன்படாத ஓட்டையை மூடிவையுங்கள். கம்பெனி மூடி தொலைந்திருந்தால் மின்சார டேப்பாவது ஒட்டுங்கள். வயர்லெஸ் கியருக்கு மாறியவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

உள்குழாய் இல்லாத வெறும் கூடான ஃபிரேமாக இருந்தால் என்ன செய்வது?

*பழைய கேபிள் இன்னும் உள்ளே இருக்கிறது.* அதிர்ஷ்டம். கியர் அவுட்டரை மாற்ற வேண்டுமென்றால் இன்னர் வயரை உருவவே உருவாதீர்கள். பின் சக்கரத்தில் செயினைப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லர் பக்கம் வயரை அவிழ்த்து, நுனி மூடியை வெட்டி, பழைய அவுட்டரை மட்டும் வயரின் மேலாகவே வழித்து எடுங்கள். வயர் ஃபிரேமுக்குள் கிடக்கும். புது அவுட்டரை அதே வயரின் மேல் கோத்துத் தள்ளினால் மறுமுனையில் வந்துவிடும். அதன் பிறகு வயரை மாற்றிக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை.

ஹோஸ் என்றால் ஸ்போக் வேண்டும். ஹோஸின் உள்துளை சுமார் 2 மி.மீ.தான். ஸ்போக்கின் மரையுள்ள முனையை அதில் திருகினால் கடித்துப் பிடித்துக்கொள்ளும். மரைப் பகுதியை வெட்டி, ஒரு பாதி பழைய ஹோஸிலும் மறுபாதி புது ஹோஸிலுமாகத் திருகி, இணைப்பின்மேல் மெல்லிய டேப் ஒரு சுற்று சுற்றி, பழையதை மெதுவாக இழுத்தால் புதியது பின்னாலேயே போகும். இழுக்கும் முன் லீவர் முனையிலுள்ள ஆலிவையும் (ஹோஸின்மேல் நசுங்கி இறுகும் வளையம்) பார்பையும் (ஹோஸுக்குள் செருகும் சின்னக் குழல்) வெட்டி எடுத்துவிடுங்கள். ஆலிவ் ஹோஸைவிடத் தடிமன், குறுகலான இடத்தில் சிக்கும். வேலை முடிந்ததும் மரை கடித்த அந்தச் சின்னத் துண்டையும் வெட்டிப் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் நீளம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். உருவும் முன்பே, ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் ஹோஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்தால் பின்னால் அளவுக்குத் திண்டாட வேண்டாம்.

*உள்ளே ஒன்றுமே இல்லை.* எல்லாவற்றையும் உருவியாகிவிட்டது, நூலும் கட்டவில்லை. சரி, நானும் அங்கே நின்றவன்தான்.

தையல் நூலை ஒரு ஓட்டையில் விடுங்கள். மறுமுனை ஓட்டையில் வாக்குவம் கிளீனரின் வாயை வைத்து, மற்ற ஓட்டைகளை எல்லாம் டேப்பால் அடைத்துவிட்டு ஓட விடுங்கள். நூல் நொடியில் வந்து சேரும். நூலில் சின்னப் பஞ்சு உருண்டை கட்டினால் இன்னும் வேகம். நூல் வந்ததும் அதில் கியர் வயரைக் கட்டி இழுத்து, வயரின்மேல் அவுட்டரைக் கோக்கலாம்.

வாக்குவம் இல்லையென்றால் காந்தம். கியர் வயரின் நுனியைக் காந்தத்தால் வெளியிலிருந்து பிடித்து, ஃபிரேமின்மேல் தடவிக்கொண்டே ஓட்டைவரை கூட்டிவர வேண்டும். அலுமினியம், கார்பன் இரண்டிலும் நடக்கும். ஸ்டீல் ஃபிரேமில் காந்தம் ஃபிரேமையே கட்டிக்கொள்ளும், அங்கே இது ஆகாது. ஸ்டெயின்லெஸ் வயரைக் காந்தம் சரியாகப் பிடிக்காமல் போகலாம்; நுனியில் ஒரு சின்ன ஊசியைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டி, டேப்பும் சுற்றிவிடுங்கள். சீராகத் தடவுங்கள், அவசரப்பட்டால் வயர் காந்தத்தை விட்டுவிடும். இதற்கென்றே கடையில் செட் விற்கிறது, பார்க் டூல் போன்றவர்கள் செய்கிறார்கள். வருடத்துக்கு நாலு வண்டி பார்ப்பவர் வாங்கலாம்.

நுனி ஓட்டை வரை வந்துவிட்டது, வெளியே எடுக்க முடியவில்லையா? இன்னொரு ஸ்போக்கின் நுனியைத் தூண்டில்போல் வளைத்து, ஓட்டை வழியாக விட்டுக் கொக்கி போட்டு இழுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போகும். பொறுமை போய் ஓட்டையைப் பெரிதாக்கலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. டிரில் மெஷினை அலமாரியில் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். கார்பன் ஃபிரேமில் ஓட்டையின் விளிம்பைத் தொட்டீர்கள் என்றால் ஃபிரேமுக்கே ஆபத்து.

இன்னொரு வழி எப்போதும் உண்டு. கிராங்கையும் பி.பி.யையும் கழற்றுவது. பெரும்பாலான ஃபிரேம்களில் டவுன் டியூபும் செயின் ஸ்டேயும் சேரும் இடம் அதுதான். அங்கே விரலே உள்ளே போகும். ஒரு மணி நேரம் போராடியும் முனை வரவில்லையென்றால் அதைக் கழற்றிவிடுவதே நல்லது. பி.பி. கழற்றும் கருவி இல்லாதவர்கள் இந்த இடத்தில் கடைக்குப் போகலாம்.

கியர் சோம்பலாக விழுகிறது

பெரிய பல்சக்கரத்துக்கு ஒழுங்காக ஏறுகிறது, சின்னதுக்கு இறங்கத்தான் தயங்குகிறது என்றால் கேபிளில் உராய்வு. டீரெய்லரின் ஸ்பிரிங்தான் அந்தப் பக்கம் இழுக்கிறது. கேபிள் இறுகலாக இருந்தால் ஸ்பிரிங் தோற்றுவிடும். டீரெய்லரில் வயரை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, லீவரைக் கிளிக் கிளிக் என்று அழுத்தி விட்டுப் பாருங்கள். வயர் வெண்ணெய்போல் ஓட வேண்டும். மணலில் ஓடுவதுபோல் உணர்ந்தால் வயரையும் அவுட்டரையும் மாற்றுங்கள். இரண்டும் மலிவு, எண்ணெய் விட்டுச் சமாளிப்பது ஒரு மாதம் கூடத் தாங்காது.

கையில் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் ஹேங்கர் (டீரெய்லரை ஃபிரேமில் பிடிக்கும் துண்டு) வளைந்திருக்கும். கீழே விழுந்த வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். நேராக்க அளவுகருவி வேண்டும். கண்ணால் பார்த்து நிமிர்த்துவது சரிவராது, கடைக்குக் கொடுங்கள்.

அவுட்டர் வாங்கும்போது கியருக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். மலைச் சைக்கிளில் கியர் அவுட்டர் வழக்கமாக 4 மி.மீ. இருக்கும். பிரேக் அவுட்டர் சுருள் கம்பியால் ஆனது, அழுத்தத்தில் சுருங்கும். அதில் கியர் ஒருநாளும் நிற்காது. வெட்டிய முனையைத் தட்டையாக அரத்தால் தேய்த்து, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் துளையை ஊசியால் விரித்துவிட்டுத்தான் மூடி போட வேண்டும்.

*ஹேண்டிலைத் திருப்பினால் கியர் தானாக மாறுகிறது.* அவுட்டர் நீளம் போதவில்லை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஓட்டை விளிம்பில் அவுட்டர் விறைக்கக் கூடாது. ஓட்டையில் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்க்கலாம், உள்ளே உபரி இருந்தால் வரும். இல்லையென்றால் புது அவுட்டர்தான். பிரேக் ஹோஸ் இப்படி விறைத்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு விழுகையில் ஹேண்டில் முழுக்கச் சுழன்று ஹோஸை லீவரிலிருந்து பிய்த்துவிடும்.

இங்கே இன்னொன்று. நம்மில் பலர் மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் வலது கையில் முன் பிரேக் வைப்போம். இடது கையில் முன் பிரேக் என்று கணக்கிட்டு ஓட்டை வைத்த ஃபிரேமாக இருந்தால், பின் பிரேக் ஹோஸ் எந்தப் பக்கத்து ஓட்டையில் நுழைந்தால் வளைவு இயல்பாக வருகிறது என்று இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். எதிர்ப்பக்க ஓட்டைதான் பெரும்பாலும் அழகாக உட்காரும்.

*பள்ளத்தில் இறங்கினால் மட்டும் கியர் தாவுகிறது.* பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியா? ஷாக்கின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, சீட்டை அழுத்தி வண்டியை அடிமட்டம் வரை உட்கார வையுங்கள். பி.பி. அருகே அவுட்டர் ஒரு ஃபிரேம் பகுதியிலிருந்து வெளியே வந்து அடுத்ததில் நுழையும் இடத்தில் என்ன நடக்கிறது? இழுபட்டால் அங்கே வளையம் சின்னது. கிராங்கிலோ டயரிலோ உரசினால் வளையம் பெரிது. ஹோஸுக்கும் இதே சோதனைதான். காயில் ஸ்பிரிங் ஷாக் என்றால் ஒருபக்க போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

டிராப்பர் சீட் மேலே வர மறுக்கிறது, அல்லது நிற்காமல் இறங்குகிறது

சீட் போஸ்ட்டை வெளியே எடுத்து, அடியில் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்தச் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளுங்கள்.

*சட்டென்று எழும்பினால்* போஸ்ட் நல்லது, கோளாறு கேபிளில். முதலில் லீவரிலுள்ள திருகை அரைச் சுற்று இரண்டு அரைச் சுற்று என்று மாற்றிப் பாருங்கள். தானாக இறங்கும் போஸ்ட்டுக்குக் கேபிள் அளவுக்கு மேல் இறுகியிருக்கும். எழும்பாத போஸ்ட்டுக்குத் தளர்ந்திருக்கும். அதில் சரியாகவில்லையென்றால் சீட் டியூபின் அடியில் அவுட்டர் மடிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். போஸ்ட்டை உள்ளே இறக்கும்போது உபரி அவுட்டருக்குப் போக இடமில்லாமல் அங்கே மடிந்து முறியும். ஒரு கையால் போஸ்ட்டை இறக்க இறக்க, மறு கையால் ஹெட் டியூப் பக்கம் அவுட்டரை அதே அளவு வெளியே இழுத்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு கை போதாது என்று தோன்றினால் ஆள் கூப்பிடுங்கள். ஒருமுறை முறிந்த அவுட்டர் நிமிராது, மாற்றுங்கள்.

*விரலால் தள்ளியும் எழும்பவில்லையென்றால்* கேபிளை விட்டுவிடுங்கள். காற்று நிரப்பும் வகையென்றால் அழுத்தத்தைப் பாருங்கள். அது போதுமான அளவில் இருந்தும் எழவில்லையென்றால் உள் கார்ட்ரிட்ஜ் போயிருக்கும். அதைப் பிரிப்பது சர்வீஸ் சென்டர் வேலை.

பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

ஹோஸை உள்ளே விட்ட பிறகு வந்த கோளாறா, அதற்கு முன்பே இருந்ததா? பிறகுதான் என்றால் பத்துக்கு எட்டுத் தடவை காற்றுக் குமிழி. லீவரைப் பத்துப் பதினைந்து முறை தொடர்ந்து அமுக்குங்கள்.

*அமுக்க அமுக்க இறுகுகிறது.* காற்றுதான். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வேலை பார்த்திருந்தால், நிமிர்த்தி வைத்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். லீவரிலிருந்த குமிழி ஹோஸுக்குள் இறங்கியிருந்தால் திரும்ப மேலே ஏறிவிடும். அப்படியும் பஞ்சு போகவில்லையென்றால் பிளீட் செய்ய வேண்டும், அதாவது எண்ணெயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். ஷிமானோ கம்பெனி பிரேக்கில் லீவர் தலையில் புனல் மாட்டி, லீவரை மெதுவாக அமுக்கி விட்டாலே சின்னக் குமிழிகள் வெளியேறிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் யூகம் வேண்டாம். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா மினரல் ஆயில். ஸ்ராமின் பழைய பிரேக்குகள் டாட் திரவம்; 2022இல் வந்த டிபி8, 2024இல் வந்த மேவன் ஆகியவை மினரல் ஆயில். ஒரே கம்பெனியிலேயே இரண்டு வகை இருப்பதால் லீவரில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிப்போகும், பிரேக்கையே மாற்ற வேண்டி வரும். டாட் திரவம் பெயின்ட்டையும் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

*அமுக்கிப் பிடித்தால் மெல்ல மெல்ல ஹேண்டில்வரை வந்துவிடுகிறது.* கசிவு. இது வேறு கதை, வண்டியை ஓட்டாதீர்கள். லீவர் முனையில் ஹோஸ் நுழையும் நட்டின்மேல் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, லீவரை அழுத்திய நிலையில் ரப்பர் பேண்டால் கட்டி, காலையில் பாருங்கள். ஈரம் இருந்தால் ஆலிவ் சரியாக உட்காரவில்லை. பழைய ஆலிவையும் பார்பையும் மறுபடி போட்டிருந்தால் காரணம் அதுதான். இரண்டும் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது. ஹோஸை வெட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள். ஷிமானோவில் பி.எச்.90 ஹோஸுக்கு வெள்ளி நிறப் பார்ப், பி.எச்.59 ஹோஸுக்குத் தங்க நிறம்; நீளமும் வேறு. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கிறது என்று மாற்றிப் போட்டால் கசியும். ஹோஸைச் செங்குத்தாக, கூரான பிளேடால் வெட்டுங்கள். சாய்ந்த வெட்டும் கசியும். நட்டுக்கு ஷிமானோ சொல்வது 5 முதல் 7 நியூட்டன் மீட்டர்.

லீவர் முனை காய்ந்திருந்து, ஃபிரேம் ஓட்டையிலோ பி.பி. அடியிலோ எண்ணெய் தெரிந்தால் உள்ளே ஹோஸ் கிழிந்திருக்கிறது. ஒட்டுப்போடும் வேலை கிடையாது. புது ஹோஸ். இரண்டு இடமும் காய்ந்திருந்து லீவர் இறங்கினால் சீல் போயிருக்கும், கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

*லீவர் கல்லுபோல் இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை.* பேடில் எண்ணெய் பட்டிருக்கும். ஹோஸைக் கழற்றும்போது காலிப்பரை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்திருந்தால் இது வந்திருக்காது. பேடை மாற்றி, டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள். அப்புறம், சக்கரம் இல்லாதபோது லீவரை அமுக்கிவிட்டு “பேட் ஒட்டிக்கொண்டது அண்ணா” என்று போன் செய்பவர்கள் மாதம் ஒருவராவது இருக்கிறார்கள். பேடுகளுக்கு நடுவே அட்டையை மடித்து வைத்துவிட்டு வேலை பாருங்கள்.

பிரேக்கைத் திறந்த பிறகு முதல் ஓட்டம் தெருவில், நடக்கும் வேகத்தில். மலையில் வேண்டாம்.

மிதிக்கும்போது கீழே ‘சர் சர்’ என்று உரசுகிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். செயினைக் கழற்றிக் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். சுற்றுக்கு ஒருமுறை அல்லது விடாமல் உரசல் கேட்டால் பி.பி. கூட்டுக்குள் கேபிளோ ஹோஸோ கிராங்க் அச்சின்மேல் படுகிறது. பி.பி.யின் இரண்டு கோப்பைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் குழல் வரும். அதைத் தேவையில்லாத உதிரி என்று நினைத்து யாரோ போடாமல் விட்டிருப்பார்கள். அச்சு சுற்றச் சுற்ற ஹோஸ் தேய்ந்து, ஒருநாள் இறக்கத்தில் பின் பிரேக் இருக்காது. கிராங்கைக் கழற்றிப் பாருங்கள். ஹோஸில் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்தாலும் மாற்றுங்கள். அவுட்டர் என்றால் வெள்ளைக் கம்பி தெரியாதவரை ஓட்டலாம். குழலைப் போட்டு, கேபிள்களை அதற்கு மேலோ கீழோ இருக்கும் இடத்தில் ஒதுக்கிவிட்டுக் கோப்பையை இறுக்குங்கள். அழுத்திப் பொருத்தும் வகைப் பி.பி. என்றால் கருவியில்லாமல் சுத்தியல் எடுக்காதீர்கள்.

மழையில் போய் வந்தால் உள்ளே தண்ணீர் குலுங்குகிறது

ஊட்டி மழையில் நனையாத வண்டி யாரிடம் இருக்கிறது. சீட் போஸ்ட்டை உருவி, வண்டியைத் தலைகீழாக வைத்து இரவு முழுக்க விடுங்கள். பி.பி. அடியில் வடிகால் ஓட்டை இருந்தால் சேறு அடைத்திருக்கும், குத்திவிடுங்கள். ரப்பர் மூடிகள் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். காலையில் நிமிர்த்தியதும் பின் பிரேக்கை நாலைந்து முறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஹேண்டில் கனமாகத் திரும்புகிறது, அல்லது நடுவில் தானாக நிற்கிறது

கேபிள் ஹெட் டியூபின் பக்கவாட்டில் நுழையும் ஃபிரேமாக இருந்தால், ஒரு அவுட்டர் அளவுக்கு மேல் நீளமாகி ஸ்டெம்மில் (ஹேண்டிலைப் பிடிக்கும் கட்டை) முட்டுகிறதா, இரண்டு கேபிள்கள் பின்னிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிரித்து, ஒன்றின் பாதையை மாற்றினாலே கை லேசாகிவிடும். அதன் பிறகும் கனம் மீதமிருந்தால் ஹெட்செட்டை இறுக்கியது அதிகம்.

ஹெட்செட் வழியாகவே கேபிளும் ஹோஸும் உள்ளே இறங்கும் புது வகையாக இருந்தால் கதை நீளம். மேல் பேரிங்கின் மூடி வழியாகத்தான் எல்லாம் போகிறது, தண்ணீரும் அதே வழியில்தான் போகும். ஹேண்டிலைத் திருப்பும்போது கரகரப்பு தெரிந்தால் பேரிங்கில் துரு. பேரிங் விலை பெரிதில்லை. ஆனால் மேல் பேரிங்கை எடுக்க வேண்டுமென்றால் பல வண்டிகளில் பின் பிரேக் ஹோஸை லீவரில் கழற்ற வேண்டும், அதாவது புது ஆலிவ், புது பார்ப், பிளீட். ஒரு பேரிங்குக்காக அரை நாள். இந்த வகை வண்டி ஷெட்டுக்கு வந்தால் காபி கொடுத்து, நல்ல கடையின் முகவரியைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். நீங்களே செய்வதாக இருந்தால், ஹோஸைக் கழற்றும் அன்றே கியர் வயர், அவுட்டர், கீழ்ப் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.